பேரைப் பார்க்காதீங்க, மருந்தைப் பாருங்க!

(பட்டிமன்றத் தலைப்பு: குடும்பத்துக்குக் கைகொடுப்பது பழகிய மருந்துக் கடையா? புதிய மலிவு விலை மருந்தகமா? "புதிய மலிவு விலை மருந்தகமே!" என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, "இனிமே நீ என்ன பேசப் போறே?" என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி அண்ணன் அவர்களே! அரங்கத்திலே இருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டிலே இராத்திரிச் சாப்பாட்டைத் தட்டிலே வைத்துக்கொண்டு, பக்கத்திலே மாத்திரை டப்பாவையும் வைத்துக்கொண்டு இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு உள்ளங்களே! (கைதட்டல்)

மாத்திரை டப்பான்னு சும்மா சொல்லலைங்க. முன்னெல்லாம் ஒரு வீட்டுக்குப் போனா, அஞ்சறைப் பெட்டியைப் பார்த்து அந்த வீட்டுச் சமையலைச் சொல்லலாம். இப்ப ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிற மாத்திரை டப்பாவைப் பார்த்தா அந்த வீட்டு ஜாதகத்தையே சொல்லிடலாம். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு பிரஷர், மாமியாருக்கு மூட்டுவலி, மருமகளுக்குத் தலைவலி. ஏன் தலைவலி? மாமியாருக்கு மூட்டுவலின்னு தெரிஞ்ச நாளிலிருந்து! (பலத்த சிரிப்பு)

எதிரணி அண்ணன் அழகாச் சொன்னார். "எங்க தெரு அண்ணாச்சி கடை இருக்கு. இராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் மருந்து குடுப்பார். கையில காசு இல்லேன்னா நோட்டுல எழுதிக்குவார். புதுக் கடையில இதெல்லாம் நடக்குமா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்கு நான் பதில் சொல்லாம இறங்க மாட்டேன். ஆனா முதல்ல, இந்தப் புதுக் கடைன்னா என்னன்னு நம்ம தாய்மார்களுக்குச் சொல்லணும் இல்லையா?

நடுவர் அவர்களே! என்னை ஊர்ல எல்லாரும் "பாப்பா"ன்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு வயசு ஐம்பத்திரண்டு! (சிரிப்பு) என் மாமியார் வீட்டுல எனக்கு வேற பேரு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எனக்கு ரகசியமா வெச்சிருக்கிற பேரு வேற. அதை இங்க சொல்ல முடியாது. ஆனா ரேஷன் கார்டுல ஒரு பேரு இருக்கே, அது ஒண்ணுதான். எத்தனை பேரு வெச்சுக் கூப்பிட்டாலும் ஆள் ஒருத்திதானே?

மருந்துக்கும் அப்படித்தாங்க. சர்க்கரைக்குச் சாப்பிடுற மெட்பார்மின்னு ஒரு மருந்து. அது அதனுடைய ரேஷன் கார்டு பேரு. அதையே ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு செல்லப் பேரு வெச்சு, கலர் கலரா அட்டை போட்டு விக்கிறாங்க. அந்தச் செல்லப் பேருதான் பிராண்டு. செல்லப் பேரு இல்லாம, ரேஷன் கார்டு பேரிலேயே வர்ற மருந்துதான் ஜெனரிக் மருந்து. அந்த மருந்துகளை வெச்சே நடத்துற கடைதான் நாம பேசுற புதிய மருந்தகம்.

2008 நவம்பர்ல, பஞ்சாப்ல அமிர்தசரஸ்ல, அரசு ஆஸ்பத்திரி வளாகத்துல முதல் மக்கள் மருந்தகம் திறந்தாங்க. நம்ம தமிழ்நாட்டுல கூட்டுறவுத் துறை மூலமா 2014ல அம்மா மருந்தகம் வந்தது. 2025 பிப்ரவரி 24ஆம் தேதி ஒரே நாள்ல 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தாங்க. எதிரணி அண்ணன் உடனே "இது யார் கொண்டு வந்த திட்டம்?"னு கேட்கத் தயாரா இருக்கார். அண்ணே, இது பட்டிமன்ற மேடை. தேர்தல் மேடை இல்லை. காய்ச்சலுக்குக் கட்சி கிடையாது. மாத்திரைக்கும் கட்சி கிடையாது! (கைதட்டல்)

சரி, நல்ல திட்டம்தானே, திறந்த உடனே ஓஹோன்னு ஓடுச்சா? இல்லைங்க. உண்மையைச் சொல்லணும். 2008ல ஆரம்பிச்ச மக்கள் மருந்தகம், 2014 வரைக்கும் நாடு முழுக்க நூறைக்கூடத் தொடலை. ஏன்? கடை இருக்கும், அலமாரியில மருந்து இருக்காது. மருந்து இருந்தா, டாக்டர் சீட்டுல அந்தப் பேரு இருக்காது. ரெண்டும் இருந்தா, அப்படி ஒரு கடை இருக்கிறது நமக்குத் தெரியாது! அப்புறம் தனியாரும் நடத்தலாம்னு வழியை அகலமாக்கி, சரக்கு போற பாதையைச் சரி பண்ணின பிறகு, 2025 தொடக்கத்துல 15,000 கடையா வளர்ந்தது. 80 எங்கே, 15,000 எங்கே?

"கடைன்னா சும்மா திறந்துட வேண்டியதுதானே, அதுல என்ன கஷ்டம்?"னு கேட்பீங்க. நடுவர் அவர்களே, டீக்கடை திறக்கிற மாதிரி மருந்துக் கடை திறக்க முடியாது. 1940ல வந்த மருந்துச் சட்டம் இருக்கு. 1945ல வந்த விதிகள் இருக்கு. சில்லறைக் கடைக்குக் குறைஞ்சது 10 சதுர மீட்டர் இடம் வேணும். உரிமம் வேணும். பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இருக்கணும். 1948ல வந்த பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். தூக்க மாத்திரை, கடுமையான ஆன்டிபயாடிக் மாதிரி சில மருந்துகளை 2014 மார்ச்சிலிருந்து தனிப் பட்டியல்ல வெச்சு, யாருக்குக் கொடுத்தோம், எந்த டாக்டர் எழுதினார்னு பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக் கல்யாண மொய் நோட்டைக்கூட நாங்க அவ்வளவு பத்திரமா வெச்சது இல்லை! (சிரிப்பு)

இது தொல்லையா? இல்லைங்க. இது காவல். ஏன் காவல்னு என் சொந்தக் கதையிலேயே சொல்றேன்.

எங்க அம்மா கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துல தனியா இருந்தாங்க. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. மாசம் மாத்திரைச் செலவு 1,460 ரூபாய். நான் பணம் அனுப்புவேன். அவங்க பக்கத்து ஊர்ல பழகின கடையில வாங்குவாங்க. நான் போன்ல கேட்பேன், "ஏம்மா, மாத்திரை சாப்பிடுறியா?"ன்னு. "சாப்பிடுறேன்டி, உனக்கு வேற வேலை இல்லையா?"ம்பாங்க. நானும் நம்பினேன். மக ஒழுங்கா விசாரிச்சுட்டா, கடமை முடிஞ்சுபோச்சு!

2017ல ஒரு மார்கழி காலையில, வாசல்ல கோலம் போட உட்கார்ந்த எங்க அம்மாவுக்கு இடது கை தூக்க வரலை. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. பக்கத்து வீட்டு அக்கா பார்த்து, வண்டி வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. நான் ஓடினேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை ஒழுங்கா எடுத்தாங்களா?" நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், "தினமும் எடுத்தாங்க சார்."

நாலு நாள் கழிச்சு மாத்துப் புடவை எடுக்க வீட்டுக்குப் போனேன். டிரங்குப் பெட்டியைத் திறந்தா, புடவைக்கு அடியில ஒரு மஞ்சப்பை. அதுல நான் அனுப்பின பணம் மடிச்சு வெச்சபடி இருக்கு. கூடவே மாத்திரை பில்லுங்க. ஒவ்வொரு பில்லுலயும் முப்பது மாத்திரைக்குப் பதிலா பதினைஞ்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்காங்க. ஒரு வருஷத்துக்கு மேலா!

ஆஸ்பத்திரிக்கு வந்து, "ஏம்மா இப்படிப் பண்ணுனே?"ன்னு அழுதேன். குழறிக் குழறிச் சொன்னாங்க. "ஏட்டி... உம் மவளுக்கு பீஸு கட்டணும்னு சொன்னியே..."

(சிறிது நேரம் அமைதி)

நடுவர் அவர்களே, எங்க அம்மா மருந்து இல்லாம விழலை. மருந்தோட விலையைப் பார்த்துப் பயந்து விழுந்தாங்க. இன்னிக்கும் அந்த இடது கை முழுசாத் தூக்க வராது. அப்போ அந்தக் கடைக்காரரைக் குறை சொல்றேனா? சத்தியமா இல்லை. அவர் நல்ல மனுஷர். எதிரணி அண்ணன் சொன்ன மாதிரியே நோட்டுல எழுதிக்கிட்டுக் கடன் கொடுக்கிறவர்தான். ஆனா ஒண்ணு சொல்றேன் அண்ணே... கடன் இருக்கிற கடை வாசலை மானஸ்தி மிதிக்க மாட்டா. பாக்கி இருந்த மாசமெல்லாம் எங்க அம்மா அந்தப் பக்கமே போகலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கடன் கொடுக்கிற கடை நல்ல கடைதான். கடன் கேட்க வேண்டிய தேவையே இல்லாத விலையில கொடுக்கிற கடை அதைவிட நல்ல கடை இல்லையா? (பலத்த கைதட்டல்)

அப்புறம்தான் எங்க ஊர்ல இருந்த மக்கள் மருந்தகத்துக்குப் போனேன். சீட்டை நீட்டினேன். உள்ளே ஒரு சின்னப் பொண்ணு, பார்மசிஸ்ட். என் மக வயசு இருக்கும். சீட்டைப் பார்த்துட்டு, "இது பிராண்டு பேரும்மா. எங்ககிட்ட இதே மருந்து இருக்கு. ஆனா டாக்டர் எழுதினதுக்குப் பதிலா நானா மாத்திக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்காது. டாக்டர்கிட்ட மருந்தோட பொதுப்பெயரை எழுதி வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிடுச்சு.

எனக்கு வந்ததே கோபம்! "அதே மருந்துன்னு நீயே சொல்றே, கொடுக்கவும் மாட்டேங்கிறே!"ன்னு சத்தம் போட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, "உங்க அம்மாவுக்கு நான் மருந்து மாத்தினா, நாளைக்கு அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு டாக்டருக்கு எப்படிம்மா தெரியும்?"னு கேட்டுது.

அந்த ஒரு கேள்வியில நான் அடங்கிப்போயிட்டேன் நடுவர் அவர்களே. வள்ளுவர் மருந்து அதிகாரத்துல கடைசிக் குறள்ல மருத்துவத்துக்கு நாலு கூறு சொல்றார். நோயாளி ஒண்ணு, வைத்தியர் ஒண்ணு, மருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து அந்த மருந்தைக் கொடுக்கிறவர் ஒண்ணு. முதல் மூணு பேரை எல்லாருக்கும் தெரியும். அந்த நாலாவது ஆளை நான் அன்னிக்குத்தான் கவுண்டருக்குப் பின்னால பார்த்தேன்! (கைதட்டல்)

டாக்டர்கிட்டப் போனேன். மருத்துவர்கள் பொதுப்பெயரைத் தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும்னு 2016ல நடத்தை விதியிலேயே சேர்த்துட்டாங்க. பொதுப்பெயரில எழுதுறதை இன்னும் கண்டிப்பாக்கி 2023 ஆகஸ்டுல புது விதி கொண்டு வந்தாங்க. மருத்துவர்கள் தரப்புல எதிர்ப்பு வந்தது. அதே மாசம் நிறுத்தி வெச்சுட்டாங்க. ஆக, சட்டம் பாதி வழியில நிக்குது. நாம வாய் திறந்து கேட்டாத்தான் நடக்கும். நான் கேட்டேன். எங்க டாக்டர் மறுக்கலை. அழகா எழுதிக் கொடுத்தார். என் கணவர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துட்டு, "இத்தனை வருஷத்துல டாக்டர் எழுதி நான் படிச்ச முதல் எழுத்து இதுதான்"னார்! (சிரிப்பு)

மறுபடி மருந்தகத்துக்குப் போனேன். அதே மருந்து, அதே மில்லிகிராம், அதே முப்பது நாள். பில் 390 ரூபாய். 1,460 எங்கே, 390 எங்கே! மாசம் 1,070 ரூபாய் மிச்சம்.

"இவ்வளவு குறைஞ்சா தரம் எப்படி இருக்கும்?"னு எதிரணி அண்ணன் கேட்டார். விலை எப்படிக் குறையுதுன்னு முதல்ல பார்ப்போம். பிராண்டுக்கு விளம்பரம் உண்டு. பை தூக்கிக்கிட்டு டாக்டர் வாசல்ல காத்திருக்கிற பிரதிநிதிக்குச் சம்பளம் உண்டு. அதெல்லாம் அட்டை விலையில ஏறும். இன்னொண்ணு, கடைக்காரரோட லாபம் சதவீதக் கணக்கு. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கிற மருந்துக்கு 2013 ஆணைப்படி சில்லறை லாபம் 16 சதவீதம். நூறு ரூபாய் மருந்துல பதினாறு ரூபாய்க்குக் கிட்ட நிக்கும். பதினைஞ்சு ரூபாய் மருந்துல ரெண்டு ரூபாய் சொச்சம்தான். வாடகை, கரண்ட் பில், பார்மசிஸ்ட் சம்பளம் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அப்ப அண்ணாச்சி எதை முன்னால அடுக்குவார்? அது அவர் குத்தமில்லை, கணக்கோட குத்தம். அதனாலதான் குறைஞ்ச விலை மருந்துக்குன்னு தனிக் கடை வேண்டியிருக்கு. மக்கள் மருந்தகம் நடத்துறவருக்கு 20 சதவீத லாபம் ஒதுக்கி, பிராண்டோட போட்டி போடாத ஒரு கடையைக் கட்டியிருக்காங்க.

"எங்க கடையில 20 சதவீதம் தள்ளுபடி"ன்னு போர்டு பார்த்திருப்பீங்க. தாய்மார்களே, ஒண்ணு நினைவுல வெச்சுக்குங்க. தள்ளுபடி வேற, விலைக் குறைவு வேற. ஆயிரம் ரூபாய்ப் புடவைக்கு 200 ரூபாய் தள்ளினா உங்க கையில இருந்து 800 போகுது. அதே நூல், அதே நெசவு பக்கத்துக் கடையில 250ன்னா எது லாபம்? புடவைக் கடையில இந்தக் கணக்கை நாம ஒரு நிமிஷத்துல போட்டுருவோம். மருந்துக் கடையில மட்டும் நமக்குக் கணக்கு மறந்துபோகுது! (கைதட்டல்)

இப்போ தரத்துக்கு வர்றேன். 2025 செப்டம்பர், அக்டோபர் மாசங்கள்ல மத்தியப் பிரதேசத்துல என்ன நடந்தது? இருமல் மருந்து குடிச்ச பச்சைக் குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தாங்க. அதுல டையெத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் கலந்திருந்தது. அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. அதுக்கு பிராண்டு பேரு இல்லையா? இருந்தது. அச்சடிச்ச லேபிள் இல்லையா? இருந்தது. இல்லாதது எது? ஒழுங்கான சோதனை. ஆக, தரம் பேருல இல்லைங்க, சோதனையில இருக்கு. பிராண்டுக்கும் சோதனை வேணும், ஜெனரிக்குக்கும் சோதனை வேணும். 1995லிருந்து நம்ம அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரில மொத்தமா மருந்து வாங்கி, சோதிச்சு அனுப்புது. மக்கள் மருந்தகத்துக்கு வர்ற மருந்தையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துல சோதிச்சுத்தான் அனுப்பணும்னு ஏற்பாடு. அந்தச் சோதனை ஒரு நாளும் தளரக் கூடாதுன்னு கேளுங்க. நானும் உங்களோட சேர்ந்து கேட்கிறேன்.

குறையே இல்லையா? இருக்கு. சில நாள் போனா, "ஸ்டாக் இல்லை, வியாழக்கிழமை வாங்க"ம்பாங்க. இராத்திரி பதினொரு மணிக்கு எத்தனை புதிய மருந்தகம் திறந்திருக்கும்? அந்த ஒரு விஷயத்துல அண்ணாச்சி கடை ஜெயிச்சுது, ஒத்துக்கிறேன். இன்னொரு குறை எங்க வீட்டுலயே வந்தது. என் மாமியாருக்கும் மருந்து மாத்தினோம். அவங்களுக்கு மருந்து பேரெல்லாம் கிடையாது. காலையில வெள்ளை, இராத்திரி ரோஸ். புது அட்டையில இராத்திரி மாத்திரை வெள்ளையா வந்துடுச்சு. "மருமகளே, என் ரோஸ் மாத்திரையை நீ எடுத்துத் தின்னுட்டியா?"ன்னு கேட்டாங்களே பார்க்கணும்! (பலத்த சிரிப்பு) சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா நிறத்தை நம்பி ரெண்டு தடவை சாப்பிட்டிருந்தா? அதனால மருந்து மாறினா, பெரியவங்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கணும். டப்பாவுல சூரியன், நிலா படம் வரைஞ்சு ஒட்டணும். வலிப்பு நோய், தைராய்டு, இரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரை... இதையெல்லாம் டாக்டரைக் கேட்காம ஒரு நாளும் மாத்தக் கூடாது.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே, முடிச்சிடுறேன். வீட்டுக்குப் போய் ஒரு காரியம் பண்ணுங்க. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. தனி மருந்துகளோட அட்டையில பொதுப்பெயரை பிராண்டு பேரைவிடப் பெரிசா அச்சடிக்கணும்னு 2018ல விதி வந்தாச்சு. அந்தப் பேரையும் மில்லிகிராமையும் ஒரு தாள்ல எழுதுங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்டக் காட்டி, "ஐயா, இந்தப் பேரிலேயே எழுதித் தாங்க"ன்னு கேளுங்க. அப்புறம் உங்க அம்மா, அப்பா, மாமியார், மாமனார் பில்லை எடுத்துப் பாருங்க. "சாப்பிட்டியா?"ன்னு கேட்காதீங்க. நான் கேட்டு ஏமாந்தவ. அட்டையை எண்ணிப் பாருங்க!

அண்ணாச்சி கடையை மூடணும்னு நான் சொல்லலை. அண்ணாச்சி கடையிலயும் ஒரு அலமாரி ஜெனரிக் மருந்து வரணும். அது வரணும்னா பக்கத்துல இந்தப் புதுக் கடை இருக்கணும். தாயைப் பாதி மாத்திரையோட படுக்க வைக்காத கடை எதுவோ, அதுதான் குடும்பத்துக்குக் கைகொடுக்கிற கடை. அந்தக் கடை புதிய மலிவு விலை மருந்தகமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)